மூணு பேர் உட்காரும் சோபா

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டை ஒட்டிய ஹவுசிங் யூனிட்டில், பி பிளாக்கின் இரண்டாம் மாடிக்கு அந்தச் சோபா ஏறி வந்தது ஓர் ஆடி மாதத்தில். காற்று மாடிப்படிச் சன்னல்களைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்க, அதை வாங்கிய பூங்கோதை அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே படியேறிக்கொண்டு, சோபாவை விட்டுக் கண்ணை எடுக்காமல், இதில் என்ன கோளாறு இருக்கும், இதில் என்ன கோளாறு இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

கோளாறு இருந்தே ஆக வேண்டும். அவ்வளவு சல்லிசாக யாரும் எதையும் கொடுப்பதில்லை. பழைய சாமான் வாங்கி விற்பதுதான் பூங்கோதையின் தொழில். வீடு மாற்றிப் போகிறவர்களும், மகனோடு வெளிநாடு போகிறவர்களும், பாகம் பிரித்துக்கொள்கிறவர்களும் பழசு விற்கப் போனில் இருக்கிற சந்தையில் படம் போட்ட உடனே முதல் ஆளாகப் போய் நிற்பாள். மெத்தையை முகர்ந்து பார்ப்பாள், பீரோவின் முதுகைத் தட்டிப் பார்ப்பாள், மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள், எல்லாம் பார்த்த பிறகு விற்கிறவரின் முகத்தைப் பார்ப்பாள். ‘ஏனுங்க விக்கிறீங்க?’ என்று வந்ததும் ஒரு தடவை, பேரத்தின் நடுவில் ஒரு தடவை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒரு தடவை கேட்பாள். எல்லாத் தடவையும் ஒரே பதில் வந்தால்தான் வாங்குவாள். வாங்கியதைக் கழுவித் துடைத்து, ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்து, மாடிப்படி வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்து, கீறல் இருந்தால் கீறலையும் தனியாகப் படம் எடுத்து, அதே சந்தையில் போடுவாள். கீறலை மறைத்து விற்றாள் என்று அவளை ஒருவரும் சொன்னதில்லை.

ஒருவரும் என்றால், தங்கச்சியைத் தவிர ஒருவரும்.

தங்கச்சி யசோதா அதே யூனிட்டில், ஏ பிளாக்கில்தான் இருந்தாள். அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த அன்றைக்கு, அம்மா வாழ்நாள் முழுக்க ரவிக்கையும் பாவாடையுமாகத் தைத்துத் தள்ளிய தையல் மெஷின் வீட்டில் இல்லை. இரும்புக் காலும் மரப்பலகையுமாக ஓர் ஆள் கனம் இருக்கிற அது, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் எப்படிக் காணாமல் போனது என்று எவருக்கும் தெரியவில்லை. அக்காதான் போனில் போட்டு விற்றிருப்பாள், அவளுக்குத்தான் அந்தக் கைப்பழக்கம் என்றாள் யசோதா. என் மேல் பழியைப் போட்டுவிட்டு அவள்தான் எடுத்து ஒளித்து வைத்திருப்பாள் என்றாள் பூங்கோதை. அன்றிலிருந்து வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. ஒருத்தி பால் வாங்க இறங்கினால் மற்றவள் சன்னலோரம் நின்று, அவள் திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு இறங்கினாள். ஏ பிளாக் ஜனம் தங்கச்சியை நம்பியது, பி பிளாக் ஜனம் அக்காவை நம்பியது, சி பிளாக்காரர்கள் இரண்டு பேரையும் நம்பவில்லை.

சோபாவை விற்றவர் ஒரு பெரியவர். பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். பூங்கோதை குனிந்து அடியில் பார்த்தாள், மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள், துணியின் தையலை விரலால் நெருடிப் பார்த்தாள். தேக்கு மரம், கரும்பச்சைத் துணி, ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

‘ஏனுங்கய்யா விக்கிறீங்க?’

‘உட்கார ஆள் இல்லீங் அம்மிணி.’

‘மூட்டைப்பூச்சி இருக்குதுங்களா?’

‘இல்லீங்.’

‘யாராச்சும் இதுல படுத்தபடியே உசுரு விட்டாங்களா?’

‘உட்காரவே ஆள் வரலைங்கறேன், அப்புறம் எங்க படுக்கறது?’ என்றார் பெரியவர்.

எத்தனை தடவை கேட்டும் அதே பதில். அவளுடைய சட்டப்படி வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினாள். ஆனால் மனசு கேட்கவில்லை.

விஷயம் தெரிந்தது அவள் வீட்டில் மகளிர் குழு கூடிய ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக எல்லோரும் தரையில் பாயை விரித்துத்தான் உட்காருவார்கள். அன்றைக்கு முதலில் வந்த மூன்று பேர் புதுச் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான்காவதாக வந்தவள், ‘கொஞ்சம் தள்ளிக்குங்க’ என்றாள், தள்ளிக்கொண்டார்கள். ஐந்தாவதாக வந்தவளும் அதையே சொன்னாள், அதற்கும் தள்ளிக்கொண்டார்கள். இப்படி வந்தவர்கள் எல்லோரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, சந்தாவைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு நசீமா டீத்தட்டோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்து, மறுபடி அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும் பார்த்துவிட்டு, ‘அக்கா, குழு மொத்தமும் சோபாவுலதான் இருக்குது’ என்றாள்.

எல்லோரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யார் மடியிலும் இல்லை. யாருடைய இடுப்பும் யார் இடுப்பிலும் இடிக்கவில்லை. சோபாவும் நீளவில்லை, அது அந்தச் சுவருக்கும் இந்தச் சன்னலுக்கும் நடுவில், வந்த நாளில் இருந்த அளவிலேயே இருந்தது.

‘என்ன விலைக்கு வாங்குனீங்க?’ என்று ஒருத்தி கேட்டாள். பூங்கோதை சொன்னாள். அதன் பிறகுதான் எல்லோருக்கும் திக்கென்றது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சென்னியப்பன், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளவு டேப்போடு வந்தார். வெளியே அளந்தார், மூணு பேர் உட்காரும் சோபாவின் அளவுதான் இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆட்களைத் தோளோடு தோளாக அளந்தார்; டேப் போதவில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ‘சாமான்ல தப்பு இல்லீங். வித்தவன் பேருலதான் சந்தேகம்’ என்று சொல்லிவிட்டு, தானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து சங்கக் கூட்டத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நாற்காலி வாடகை மிச்சம்.

அப்புறம் வராதவர்கள் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வீட்டில் இடமில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். தேர்தல் முடிவு பார்க்க, பரீட்சை முடிவு பார்க்க, கரண்ட் போனால் காற்று வாங்க, மாமியாரோடு சண்டை என்றால் அழுதுவிட்டுப் போக, எல்லாவற்றுக்கும் வந்தார்கள். பூங்கோதையின் புருஷன் குழந்தைவேலு, பஸ் டிப்போவில் மெக்கானிக், அதிகம் பேசாதவர். வேலை முடிந்து வந்து, தன் வீட்டுச் சோபாவில் தனக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார், எப்போதும் இருக்கும், உட்கார்ந்து கொள்வார்.

ஆனால் வந்தவர்களில் ஒருவரும் முதுகைச் சாய்த்து உட்காரவில்லை. எல்லோரும் விளிம்பிலேயே உட்கார்ந்தார்கள். மற்றவர்களை முதலில் உட்காரச் சொல்லி, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகே உட்கார்ந்தார்கள். இவ்வளவு இடத்தை ஒரு சாமான் சும்மா கொடுக்குமா? இதற்குப் பதிலாக அது என்னத்தை எடுத்துக்கொள்கிறது? யூனிட் முழுக்க இதே பேச்சாக இருந்தது. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் ஆயுசில் ஒரு நாள் குறைகிறது என்று சி பிளாக்கில் சொன்னார்கள். ஒருத்தருக்குத் தூக்கம் வரவில்லை, சோபாதான். ஒருத்தருக்குத் தூக்கம் அதிகமாகிவிட்டது, அதுவும் சோபாதான். காணாமல் போன கம்மல் திருகு, திரிந்துபோன பால், தண்ணீர்த் தொட்டியில் விழுந்த விரிசல், இனாமாகக் கிடைத்த இடத்துக்கு இதுவெல்லாம்தான் வட்டி என்று கணக்குப் பார்த்தார்கள். இத்தனைக்கும் வருவதை மட்டும் எவரும் நிறுத்தவில்லை.

சோபாவைச் சந்தேகப்பட்டு அலுத்த பிறகு பூங்கோதையைச் சந்தேகப்பட்டார்கள். இவள் எதற்காக எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள்? இவளுக்கு இதில் என்ன லாபம்? அவள் யாரையும் கூப்பிடவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ‘பெத்த அம்மாவோட மெஷினையே வித்தவ’ என்று, அதுவரை அவளை நம்பிய பி பிளாக்கிலேயே பேச்சு எழுந்தது. டீத்தட்டோடு வந்த நசீமாதான் அதைச் சொன்னாள்.

‘உங்ககிட்ட மறைக்கக் கூடாதுக்கா. எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க.’

‘நீ என்ன சொல்றே நசீமா?’

நசீமா தட்டைப் பார்த்தாள். ‘நான் ஒண்ணும் சொல்லலைக்கா’ என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது பூங்கோதை சோபாவின் மேல் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தாள், தலையணைகளைப் பிரித்துப் பார்த்தாள், கடைசியில் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, கீறலே இல்லாத ஒரு சாமான் அவள் கையில் அகப்பட்டிருந்தது. அதை எப்படி நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து படம் எடுத்துச் சந்தையில் போட்டாள்.

‘மூணு பேர் உட்காரும் சோபா. எத்தனை பேர் வந்தாலும் உட்காரலாம். பூச்சி இல்லை, கீறல் இல்லை. கோளாறு என்னவென்று தெரியவில்லை’ என்று எழுதினாள். பொய் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை.

‘இது மோசடி, யாரும் முன்பணம் அனுப்ப வேண்டாம்’ என்று ஒருவர் எழுதினார். மகளிர் குழு மொத்தத்தையும் உட்கார வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். ‘இது கம்ப்யூட்டரில் செய்த படம்’ என்றார்கள். பவானியிலிருந்து ஒரு குடும்பம் மட்டும், மூன்று தலைமுறையும் ஒரு வேனில் ஏறிச் சோதித்துப் பார்க்க வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், டிரைவரையும் மேலே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், இடம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, ‘இத்தனை நல்ல சாமானை ஏனுங்க விக்கிறீங்க?’ என்று கேட்டார். ஊரையெல்லாம் அதே கேள்வி கேட்ட பூங்கோதைக்குப் பதில் வரவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரே ஓர் ஆள்தான் விசாரித்தது. பெயர் இருக்கும் இடத்தில் ‘சூரியகாந்தி’ என்று இருந்தது, முகம் இருக்கும் இடத்தில் ஒரு பூ இருந்தது.

‘துணி மாற்றியதா?’ என்று வந்தது.

‘பழைய துணியேதான்’ என்று பூங்கோதை எழுதினாள்.

‘திருட்டுச் சாமானா?’

‘இல்லைங்க.’

‘ஏன் விற்கிறீர்கள்?’

 முகம் தெரியாத ஆள்தானே என்ற தைரியத்தில் பூங்கோதை எழுதினாள்: ‘யாரும் நம்பி உட்காரவில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. இதனால் எனக்குக் கெட்ட பேர்தான் வந்திருக்கிறது.’

அந்தப் பக்கம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது தெரிந்தது. கடைசியில் வந்தது: ‘அம்மாவின் மெஷினையும் இப்படித்தான் போட்டோ பிடித்து விற்றாயா?’

பூங்கோதை போனை வைத்துவிட்டுச் சன்னலுக்குப் போனாள். எதிரே ஏ பிளாக்கில், கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே, யசோதா கையில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சத்தம் போட்டது பூங்கோதைதான்.

‘கேக்கறதை நேருல வந்து கேளு!’

வந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் மகளிர் குழு இருந்தது, சென்னியப்பன் இருந்தார், வரிசையின் கடைசியில் குழந்தைவேலு இருந்தார். அத்தனை வருஷமாக மிதிக்காத நிலைப்படியில் யசோதா நிற்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரோ பழக்க தோஷத்தில் அவளுக்கும் தள்ளிக்கொண்டார்கள். அவள் உட்காரவில்லை.

‘நீ விக்கலைன்னு நான் எப்படி நம்பறது?’

‘நீ எடுக்கலைன்னு நான் எப்படி நம்பறது?’ என்றாள் பூங்கோதை.

‘உன்ற வீடு பூரா ஊரான் சாமான். அதுக்குள்ள எதை வேணா ஒளிக்கலாம்.’

‘தேடு. நான் இங்கேயே நிக்கறேன்.’

யசோதா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளறைக்குப் போனாள். அங்கே விற்பதற்கு வைத்திருந்த கிரைண்டர்களையும், குழந்தை நடைவண்டிகளையும், கயிறு கட்டிய நாற்காலிகளையும், உறை போட்ட மெத்தைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். அவள் இழுக்கிற ஒவ்வொன்றுக்கும் பூங்கோதை இந்தப் பக்கத்திலிருந்து, ‘அது திண்டல்காரங்களோடது, கால் ஆடும், பாத்து’ என்றும், ‘அதோட மூடி வேற, இது வேற’ என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பரண் பார்த்தாள், குளியலறை பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். கடைசியில் கூடத்துக்கு வந்து சோபாவுக்கு அடியிலும் குனிந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மெஷின் இல்லை. முகமெல்லாம் தூசியோடு நிமிர்ந்தாள்.

‘ஆச்சா?’ என்றாள் பூங்கோதை. ‘இப்ப நட. நான் பாக்கணும்.’

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து கூடவே போனார்கள். ஏ பிளாக் படிகளில் ஏறி, அந்தச் சின்ன வீட்டின் வாசலிலும் நடையிலும் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். பூங்கோதை தொழில்காரியாகத் தேடினாள். சுவரைத் தட்டினாள், பீரோவை நகர்த்தி அதன் முதுகைப் பார்த்தாள், பிறகு அதன் கதவைத் திறந்து, பழக்கத்தால், முகர்ந்தாள். அம்மாவின் வாசம் அடித்தது. கீழ்த்தட்டில் அம்மாவின் சேலைகள் இருந்தன, அம்மா மடிக்கிற மாதிரியே மடித்து. அவற்றை வெளியே எடுக்க அவளுக்குக் கை போகவில்லை. கதவைச் சாத்தினாள்.

‘கட்டிலுக்கு அடியில பாக்கல நீ’ என்றாள் யசோதா.

‘வேண்டாம்.’

‘பாரு. அப்புறம் பாக்கலைம்பே.’

பூங்கோதை மண்டி போட்டுப் பார்த்தாள். ஒரு சுளகும், வெங்காயக் கூடையும், பழைய செருப்பும்தான் இருந்தன. எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. யசோதா ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அங்கே எல்லோரும் உட்கார இடமில்லாததால் மறுபடி பி பிளாக்குக்கே வந்தார்கள். இந்தத் தடவை யசோதாவும் உட்கார்ந்தாள், பூங்கோதைக்குப் பக்கத்தில். களைப்பில் இரண்டு பேருமே, ஒரு பயமும் இல்லாமல், முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அதைக் கவனித்தார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நசீமா டீ கொண்டுவந்தாள். பூங்கோதை அவள் முகத்தைப் பார்க்காமலேதான் வாங்கிக்கொண்டாள்.

‘அப்ப யாருக்கா?’ என்றாள் யசோதா.

அக்கா என்ற சொல் வந்துவிட்டதை இருவரும் கேட்டார்கள். 

‘அதைத்தான் நானும் யோசிக்கறேன். காரியத்தன்னைக்கு வண்டி வெச்சுட்டு வந்தது யாரு யாரு?’

‘கோபியில இருந்து சித்தப்பா வேன்ல வந்தாரு.’

‘வந்தாரு. ஆனா சித்தி போகும்போது அதுல போகல. பஸ்ஸுலதான் போனாங்க. நான்தான் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏத்திவிட்டேன்.’

‘சொந்த வேன் இருக்கறப்ப பஸ்ஸுல எதுக்குப் போனாங்க?’

பூங்கோதை டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

‘வேன்ல எடமில்லைன்னாங்க.’

சோபாவில் இருந்தவர்கள் எல்லோரும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘எனக்கு அவரு பேருல அன்னைக்கே ஒரு மாதிரிதானுங் இருந்துச்சு’ என்றார், சித்தப்பாவை ஒருநாளும் பார்த்திராத சென்னியப்பன்.

‘கோபிக்கு இப்ப பஸ் இருக்குதுங்களா?’ என்று பூங்கோதை புருஷனைக் கேட்டாள்.

‘அரை மணிக்கு ஒண்ணு போகுது’ என்றார் குழந்தைவேலு.

யசோதா அக்காவின் போனைக் கையில் எடுத்தாள். சோபாவின் படம் இருந்த பக்கத்தைத் தேடி, தன் கையாலேயே அதை அழித்தாள்.

‘நாம அங்க போக வேண்டாம்’ என்றாள். ‘சித்தப்பா, சித்தி, மகன், மருமக, அந்த வேன் டிரைவரு, எல்லாத்தையும் ஒரு நாள் இங்க விருந்துக்குக் கூப்பிடு. இதுல வரிசையா உட்கார வெச்சு, நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்துல உட்கார்ந்து கேப்போம்.’

பூங்கோதை சோபாவை ஒரு பார்வை பார்த்தாள். அதன் கைப்பிடியைத் தடவிக் கொடுத்தாள்.

‘எத்தனை பேர் வந்தாலும் வரட்டும்’ என்றாள்.